பூச்செடிகளில் இலை மிகுந்து பூக் குறைதல்: காரணங்களும் பரிகாரமும்

மரக்கறித் தோட்டத்தின் வேலியோரத்தில் ஐந்தாறு மல்லிகைச் செடிகளையும், கிணற்றடியில் ஒரு வரிசை செவ்வந்தியையும், வாயிலில் ஒரு செவ்வரத்தையையும் வைத்து வளர்ப்பது கமக்காரக் குடும்பங்களில் நெடுங்கால வழக்கமாகும். அன்றாடப் பூசைக்கு வேண்டிய பூ அங்கிருந்தே கிடைக்கின்றது. எஞ்சிய பூவைச் சரமாகவும் மாலையாகவும் கட்டி விற்போரும் உளர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாக் காலத்திலும், ஊர்க்கோயில்களிற் கொடியேறும் காலத்திலும் பூவுக்குத் தேவை மிகும். அந்நாட்களிற் பூவாத செடி, ஆண்டு முழுவதும் பசுமையாய் நின்றும் பயன் தரவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

செடி வாடவில்லை, பூச்சி அரிக்கவில்லை, இலைகள் கரும்பச்சையாய்ச் செழித்திருக்கின்றன, ஆயினும் அரும்பு இல்லை. இந்நிலையைக் கமக்காரர் "மதாளித்து விட்டது" என்பர். இதனைக் கண்டதும் செடிக்கு ஏதோ ஒன்று போதவில்லை என்று எண்ணி, மேலும் ஒரு கைப்பிடி பசளையை இடுதல் பலரது வழக்கம். ஆனால், இலை மிகுந்து பூக் குறைவதற்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது குறைவன்று, மிகையே. ஆகவே, முதலிற் செய்யத்தக்கது பசளையிடுவதன்று, காரணத்தை அறிவதே. காரணங்கள் பலவாயினும், அவற்றை ஒழுங்கு முறையில் ஒவ்வொன்றாய் ஆராய்ந்து அறிதல் எவருக்கும் எளிதாகும்.

1. இலையும் பூவும்

இலை, செடியின் அடுக்களை போன்றது. வெயிலின் உதவியால் மாப்பொருளையும் வெல்லத்தையும் ஆக்குவது இலையே. வேர், மண்ணிலிருந்து நைதரசனையும் ஏனைய உப்புக்களையும் எடுத்து அனுப்புகின்றது. வேர் அனுப்பும் நைதரசன் மிகுதியாக இருக்கும்போது, இலை ஆக்கிய உணவு முழுவதும் புதிய தண்டும் இலையும் ஆக்குவதிலே செலவாகிவிடும். நைதரசன் அளவாக இருக்கும்போது உணவில் ஒரு பகுதி மிஞ்சிச் சேமிப்பாகும். அச்சேமிப்பிலிருந்தே பெரும்பாலான செடிகள் பூவை ஆக்குகின்றன.

1918ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் கிறவுசு, கிறேபில் என்னும் இரு ஆராய்ச்சியாளர் தக்காளிச் செடியைக் கொண்டு இதனை விளக்கினர். நைதரசனை நிரம்பப் பெற்ற செடிகள் செழித்து வளர்ந்தனவேயன்றிக் காய்க்கவில்லை. நைதரசன் மிகக் குறைந்த செடிகளும் காய்க்கவில்லை; அவை மெலிந்து நின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட செடிகளே நன்கு காய்த்தன. பூத்தலை நடத்தும் காரணிகள் வேறு பலவும் உள எனப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டினவாயினும், தோட்டத்தில் நிற்பவர்க்கு இந்த முடிவு இன்றும் வழிகாட்டியாகும்: மிகையும் பூவைக் கெடுக்கும், குறையும் பூவைக் கெடுக்கும்.

நெற்செய்கையாளருக்கு இது புதிய செய்தியன்று. யூரியா மிகுந்த வயலிற் பயிர் கரும்பச்சையாய் எழுந்து, பின்னர்க் காற்றுக்கும் மழைக்கும் சாய்ந்து, பதரும் மிகுவதைக் காணாதவர் இலர். மிளகாய்த் தோட்டத்திலும் அவ்வாறே. வயலில் அறிந்த அதே உண்மையைப் பூச்செடிக்கும் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

2. நைதரசன் மிகையாதல்

அறிகுறிகள்: இலைகள் கரும்பச்சையாகவும் அகன்றும் மென்மையாகவும் இருக்கும். தண்டு நீர்த்தன்மையுடன் எளிதில் ஒடியும். இளந்துளிர்களில் அழுக்கணவன் போன்ற சாறுறிஞ்சும் பூச்சிகள் கூடும். அரும்பு தாமதித்துத் தோன்றும், அல்லது தோன்றாது.

மேற்கட்டுப் பசளையாக வயலுக்கு இட்ட யூரியாவிற் சிறிது பையினடியில் மிஞ்சுவதும், அதனைப் பூச்செடிகளின் அடியிற் கைப்பிடி கைப்பிடியாக இடுவதும் வழக்கமாகக் காணப்படுகின்றன. அதன் அளவைக் கணித்துப் பார்த்தல் நன்று. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஒரு கைப்பிடி யூரியா ஏறத்தாழ 50 கிராம் எனக் கொண்டால், அதிலுள்ள நைதரசன் 23 கிராமாகும். தென்னிந்தியாவில் மல்லிகைக்குச் செடியொன்றுக்கு ஆண்டொன்றுக்கு நைதரசன் 60 கிராம், பொசுபரசு 120 கிராம், பொற்றாசு 120 கிராம் எனச் சிபாரிசு செய்யப்பட்டு, அதுவும் இரு தடவையாகப் பிரித்தே இடப்படுகின்றது. மாதந்தோறும் ஒரு கைப்பிடி யூரியா பெறும் செடிக்கோ ஆண்டில் 276 கிராம் நைதரசன் சேர்கின்றது. இது வேண்டியதிலும் நான்கு மடங்குக்கு மேலாகும். பொசுபரசும் பொற்றாசும் அதற்கு இடப்படுவதேயில்லை.

சேதனப் பசளை எவ்வளவு இட்டாலும் தீங்கில்லை என்னும் எண்ணமும் பிழையாகும். உலர்ந்த கோழியெருவில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு நைதரசன் இருக்கலாம். அத்தகைய எருவில் 10 கிலோகிராம் இட்டால், ஏறத்தாழ 430 கிராம் யூரியாவில் உள்ள நைதரசனுக்குச் சமமாகும். அது மெதுவாக வெளிப்படுமாயினும் வெளிப்பட்டே தீரும். மாட்டெருவில் நைதரசன் இதனிலும் குறைவு. ஆகவே நன்கு மக்கிய மாட்டெருவே பூச்செடிகளுக்குப் பாதுகாப்பானது.

பரிகாரம்: நைதரசன் தரும் பசளை யாவற்றையும் முதலில் நிறுத்துதல் வேண்டும். யூரியா, கோழியெரு, பச்சையான ஆட்டெரு, கிளிசரிடியாத் தழை ஆகிய எல்லாம் இதில் அடங்கும். செடியடியில் உலர்ந்த வைக்கோலை நறுக்கி மேல்மண்ணுடன் கலந்துவிடலாம். வைக்கோலை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் மிஞ்சியிருக்கும் நைதரசனைத் தமக்கென எடுத்துக்கொள்வதால், செடிக்குச் செல்லும் அளவு சில காலத்துக்குக் குறையும். மிகையான பசளையை நீர் பாய்ச்சிக் கழுவிவிடலாம் எனச் சிலர் கருதுவர். கழுவப்பட்ட பசளை மறைந்து போவதில்லை. அது எங்கே செல்கின்றது என்பது அடுத்துக் கூறப்படும்.

மதாளித்த செடிக்கு மும்மைச் சுப்பர் பொசுபேற்றை இட்டாற் பூத்துவிடும் என்பதும் பரவலான நம்பிக்கை. மண்ணிற் பொசுபரசு குறைவாயின் அது பயன் தரும். குறைவில்லையேல் ஒரு பூவும் கூடாது. நெடுங்காலம் மரக்கறி செய்கை பண்ணிப் பசளையிட்ட நிலங்களிற் பொசுபரசு முன்னரே தேங்கியிருத்தல் கூடும். அதன்மேலும் இடின், இரும்பையும் நாகத்தையும் செடி எடுத்துக்கொள்வது தடைப்படும். மண்ணைப் பரிசோதித்த பின்னரே இதனை இடுதல் தக்கது.

3. கிணற்று நீரிலுள்ள நைதரசன்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியிற் சுண்ணக்கல் உண்டு. அதன் வெடிப்புக்களிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீரே கிணறுகளுக்கு ஊற்றாகும். மேல்மண்ணிலிருந்து கழுவப்படும் நைதரசன், நைத்திரேற்று என்னும் உப்பாக அந்நீரிலே சென்று கலக்கின்றது. செறிந்த பயிர்ச்செய்கை நடைபெறும் இடங்களிலுள்ள கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு குடிநீருக்குரிய எல்லையைக் கடந்துள்ளமை ஆராய்ச்சிகளாற் கண்டறியப்பட்டுள்ளது. அவ்வெல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் விதிப்படி, ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றாகும். அதனிலும் மிகுந்த நீரிற் பால்மாவைக் கரைத்துக் கைக்குழந்தைகளுக்குக் கொடுத்தால், குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து உயிருக்கும் ஆபத்து நேரலாம். கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுந்தோறும் அதன் செறிவு கூடும்.

ஆகவே, மல்லிகைக்கு வீணே இட்ட ஒரு கைப்பிடி யூரியா, பூவைக் குறைப்பதுடன் நில்லாது, அதே வளவிலுள்ள கிணற்றையும் கெடுக்கின்றது. பூச்செடி வரிசை பெரும்பாலும் கிணற்றடியிலேயே அமைந்திருத்தலால் இதனை மேலும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. அத்தகைய நீரை இறைக்கும்போது செடிக்குப் பசளையும் சேர்ந்தே செல்கின்றது. ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள நீரில் 1000 லீற்றரை இறைத்தால், ஏறத்தாழ 11 கிராம் நைதரசன் மண்ணிற் சேரும். ஒரு மல்லிகைச் செடிக்கு ஆண்டில் 1500 லீற்றர் நீர் ஊற்றப்படுமாயின், 17 கிராம் நைதரசன் நீரிலிருந்தே கிடைத்துவிடும். மேலே கூறிய 60 கிராமில் இது கால் பங்குக்கு மேலாகும். யூரியா இடாமலே செடி மதாளிக்கின்றது என வியப்போர், நீரைப் பரிசோதிப்பித்து அறிதல் நன்று. அத்தகைய இடங்களில் இடும் நைதரசனை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். பசளைச் செலவும் மிஞ்சும்.

4. வெயிலும் நிழலும்

அறிகுறிகள்: கணுக்களுக்கு இடையிலுள்ள தூரம் நீண்டு, தண்டு மெலிந்து, செடி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். இலைகள் அகன்றிருப்பினும் வெளிறியிருக்கும். கீழிலைகள் உதிரும். நைதரசன் மிகுந்த செடியின் இலை கருமையாயும், நிழலில் நின்ற செடியின் இலை வெளிறியும் இருத்தல் இரண்டையும் பிரித்தறியும் அடையாளமாகும்.

மல்லிகை, ரோசா, செவ்வரத்தை, செவ்வந்தி, துலுக்கச் செவ்வந்தி, கடதாசிப்பூ ஆகியன நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயிலை வேண்டுவன. நடும்போது வெயிலாக இருந்த இடம், நாலைந்து ஆண்டுகளின் பின்னர் வேலிப் பூவரசும் முருங்கையும் மாமரமும் வளர்ந்து நிழலாகிவிடும். செடி மாறவில்லை, இடமே மாறியது. இதனை அறியாது பசளையிட்டால் நிலைமை இன்னும் கெடும். காலை 8 மணி, நண்பகல், பிற்பகல் 4 மணி ஆகிய மூன்று வேளையிலும் செடியின்மீது வெயில் விழுகின்றதா எனப் பார்த்தலே போதிய சோதனையாகும். வேலிக் கதிகால்களை வெட்டிவிடுதல் எளிய பரிகாரம். வெட்டிய தழையைப் பூச்செடிகளின் அடியிலே போடாது மரக்கறிப் பாத்திக்குப் பயன்படுத்துக.

5. இரவு வெளிச்சம்

1920ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த காணர், அலாட் என்போர், சில செடிகள் பகலின் நீளத்துக்கேற்பவே பூக்கின்றன என வெளியிட்டனர். செவ்வந்தி அவ்வினத்தைச் சேர்ந்தது. நீண்ட, இடையறாத இருளைப் பெற்றாலன்றி அது அரும்பு கட்டாது. யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகல் ஆனி மாதத்தில் ஏறத்தாழ 12 மணி 40 நிமிடம். மிகக் குறுகிய பகல் மார்கழியில் ஏறத்தாழ 11 மணி 30 நிமிடம். ஆகவே இயற்கையாக இங்கு இரவின் நீளத்திற் குறையில்லை. ஆனால் வாயிலில் இரவு முழுவதும் எரியும் மின்விளக்கோ, தெருவிளக்கோ செவ்வந்திச் செடியின்மேல் நேரே வீசுமாயின், செடி இருளை அறியாது இலையையே விட்டுக்கொண்டிருக்கும். ஒரே வரிசையில் விளக்கண்டை நின்ற செடிகள் மட்டும் பூவாமல், அப்பால் நின்றவை பூத்திருக்குமாயின் காரணம் இதுவே. விளக்கை அணைத்தல், அல்லது ஒளி படாதவாறு மறைத்தல் போதுமானது. இதற்குப் பணச் செலவு ஏதுமில்லை.

6. நீர்

நீர் இடைவிடாது கிடைக்கும்போது பல செடிகள் இலை விடுவதை நிறுத்துவதில்லை. மல்லிகைக்கும் கடதாசிப்பூவுக்கும் இது சிறப்பாகப் பொருந்தும். மாரி மழைக் காலத்தில் மல்லிகை இலையாய் நிற்பதும், மழை ஓய்ந்து வெயில் ஏறியபின் பூப்பதும் அதன் இயல்பாகும். மழைக்காலத்திற் பூவில்லை என்று கவலைப்பட்டுப் பசளையிடுதல் வீண்.

மழை ஓய்ந்ததும் மண்ணில் ஊன்றி வளர்ந்த மல்லிகைக்குச் சில நாட்கள் நீரை நிறுத்தி, பின்னர்க் கத்தரித்து, எருவிட்டு மீண்டும் இறைத்தால் துளிரும் அரும்பும் ஒருங்கே எழும். நீரை நிறுத்தும்போது இலை சிறிது சோர்தல் போதும், தண்டு காயவிடலாகாது. இளஞ்செடிகளுக்கும் சாடியில் வளர்வனவற்றுக்கும் இம்முறை ஏற்றதன்று. கடதாசிப்பூவுக்கு வேரூன்றிய பின்னர் மண் நன்கு உலர்ந்தாலன்றி நீர் தேவையில்லை. கிணற்றடி வாய்க்காலின் ஓரத்தில் நட்ட கடதாசிப்பூ இலையாய் மூடி நிற்பதன் காரணம் பெரும்பாலும் வாய்க்கால் நீரேயாகும்.

அரும்பு கட்டிய பின்னர் நீரை நிறுத்துதல் தவறு. அப்போது மண் காய்ந்தால் அரும்பு உதிரும்.

7. கத்தரித்தல்

கத்தரித்தலின் நேரமும் அளவும் பிழைத்தால், பூவாக வேண்டிய நுனிகளே குப்பையிற் போய்ச் சேரும்.

மல்லிகை: புதிய துளிரின் நுனியிலும் கணுக்களிலும் அரும்பு கட்டுகின்றது. ஆகவே கத்தரியாத கிழச்செடி உள்ளே பற்றையாகிப் பூக் குறையும். மாரி மழை ஓய்ந்து தை மாதம் பிறந்ததும், நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி உயரத்திற் கிளைகளை வெட்டி, உலர்ந்தனவும் நெருங்கியனவுமான கிளைகளை நீக்குதல் வேண்டும். பூக்காலத்தின் நடுவே கடுமையாக வெட்டலாகாது.

செவ்வரத்தை: வேலியாக வளர்த்து மாதந்தோறும் ஒரே மட்டமாக நறுக்கப்படும் செவ்வரத்தை பூப்பதில்லை. நறுக்கப்படுவன யாவும் அரும்பு கட்டவிருந்த நுனிகளே. பூ வேண்டுமாயின் ஆண்டில் ஒரு முறையோ இரு முறையோ வெட்டி, இடையில் வளரவிடுதல் வேண்டும். அல்லது ஒரு முறைக்கு மூன்றிலொரு பங்கு கிளைகளை மட்டும் வெட்டினால், ஏனையவை பூத்துக்கொண்டிருக்கும்.

ரோசா: வாடிய பூவை அதன் கீழுள்ள, ஐந்து சிற்றிலைகளையுடைய முதல் இலைக்கு மேலே வெட்டிவிட்டால் அவ்விடத்திலிருந்து புதிய கிளையும் பூவும் எழும். வாடிய பூவை விட்டுவைத்தால் செடியின் உணவு காய்க்குச் செல்லும்.

ரோசாவில் வேறொரு குறையும் நேர்வதுண்டு. ஒட்டுச் செடியின் ஒட்டிய இடத்துக்குக் கீழேயிருந்து ஒரு வீரியமான கிளை எழுந்து, இலையும் முள்ளுமாய் உயர்ந்து, நல்ல பூவைத் தராது நிற்கும். அது வாங்கிய இனத்தின் கிளையன்று, வேர்ச்செடியின் கிளையாகும். அதனை மண் மட்டத்தில் வெட்டினால் மீண்டும் எழும். மண்ணை விலக்கி, அது புறப்படும் இடத்திலே பிய்த்தெடுத்தல் வேண்டும். தவறினால் ஒட்டிய நல்லினம் மெலிந்து இறந்துவிடும்.

துலுக்கச் செவ்வந்தி: நாற்று நட்டு வேரூன்றியபின் நடுநுனியை ஒரு தடவை கிள்ளிவிட்டாற் பக்கக் கிளைகள் பெருகிப் பூவின் தொகையும் பெருகும், முதற்பூ சில நாட்கள் பிந்தும். மீண்டும் மீண்டும் கிள்ளினால் இலையே மிஞ்சும். நாற்று நட்டதிலிருந்து முதற்பூவுக்கு ஒன்றரை முதல் இரண்டு மாதம் வரை செல்லுமாதலால், திருவிழாவுக்குப் பூ வேண்டுவோர் கொடியேறும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி நாற்று மேடையை அமைத்தல் வேண்டும்.

8. அரும்பு தோன்றி உதிர்தல்

அரும்பே தோன்றாமையும், தோன்றிய அரும்பு உதிர்தலும் வெவ்வேறு குறைகளாகும். முன்னையதற்கு இதுகாறும் கூறிய காரணங்கள் பொருந்தும். அரும்பு உதிருமாயின், உதிர்ந்த அரும்பைப் பிளந்து பார்த்தல் வேண்டும். உள்ளே புழுவோ, துளையோ இருப்பின் அது மொட்டுப்புழுவின் வேலையாகும். அரும்பு சுருங்கி, இதழ்களிற் கபிலக் கீறல்கள் காணப்படின் பனிப்பூச்சியின் தாக்கமாயிருக்கலாம். ஒன்றுமில்லையாயின், மண் ஒரு நாள் காய்ந்தும் மறுநாள் வெள்ளமாயும் இருந்ததே காரணம் எனக் கொள்ளலாம். பூச்சி தாக்கிய அரும்புகளை நாள்தோறும் பொறுக்கி எரித்தல் முதற் பரிகாரம். மருந்து தெளித்தல் அவசியமாயின், விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெற்ற பின்னரே தெளித்தல் வேண்டும். பூசைக்கும் கூந்தலுக்கும் செல்லும் பூ என்பதையும் மறவாதிருத்தல் நன்று.

9. பூ மிகுந்து இலை குறைதல்

சமநிலை மறுபக்கமாகவும் கெடுவதுண்டு. பல மாதம் தொடர்ந்து பூத்த செடியில் இலைகள் சிறுத்து, கீழிலைகள் மஞ்சளாகி உதிர்ந்து, பூவும் சிறுத்து இதழ் குறையும். இது நைதரசன் குறைவின் அடையாளமாகும். இச்செடியைப் பூக்கின்றதே என்று விட்டுவைத்தால் அடுத்த ஆண்டிற் பூக்காது. பூக்காலம் முடிந்ததும் இலேசாகக் கத்தரித்து, மக்கிய மாட்டெருவும் சிபாரிசு செய்யப்பட்ட அளவு பசளையும் இட்டு நீர் பாய்ச்சுதல் வேண்டும்.

ஆனால், மஞ்சளாவது கீழிலையா, நுனியிலையா என்பதை உற்று நோக்குதல் அவசியம். கீழிலை மஞ்சளாயின் நைதரசன் குறைவு. நுனியிலை மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாய் நின்றால், அது இரும்புச் சத்துக் குறைவாகும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க இயலாது போவதால் இக்குறை உண்டாகின்றது. வெட்சியிலும் மல்லிகையிலும் இது தெளிவாகத் தோன்றும். இதற்கு யூரியா மருந்தன்று. ஒரு லீற்றர் நீரில் 5 கிராம் இரும்புச் சல்பேற்றைக் கரைத்து, வெயில் தாழ்ந்த வேளையில் இலைகள் நனையுமாறு மாதம் ஒரு முறை தெளித்தால் நிறம் திரும்பும். இத்தகைய மண்ணில் அடுப்புச் சாம்பலை மிகுதியாக இடுதலும் தீது. சாம்பலிற் பொற்றாசு உண்டு என்பது உண்மையே. அதனுடன் சுண்ணாம்பும் உண்டு.

10. காரணத்தை அறியும் ஒழுங்கு

பல மாற்றங்களை ஒரே நாளிற் செய்தால், எது பயன் தந்தது என்பதை அறியமுடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றி, மூன்று அல்லது நான்கு வாரம் பொறுத்துப் பார்த்தல் வேண்டும். அதுவும் வரிசை முழுவதிலும் செய்யாது, பாதிச் செடிகளில் மட்டும் செய்து, மறுபாதியை முன்போல விட்டுவைத்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். எடுத்துக்காட்டாக, ஆறு மல்லிகைச் செடிகளில் மூன்றுக்கு யூரியாவை அறவே நிறுத்துக. மூன்றுக்கு வழக்கம்போல் இடுக. அவ்விரு பகுதியிலும் நாள்தோறும் கிடைக்கும் அரும்பை வெவ்வேறாக எண்ணிக் குறித்து வைத்தால், ஒரு பூக்காலத்தில் உண்மை வெளிப்படும். அடுத்த ஆண்டில் எவ்வளவு இடலாம் என்பதற்கு அக்குறிப்பே சான்றாகும். வயலில் ஒரு பாத்தியில் இதே சோதனையைச் செய்து பார்க்கவும் அது துணிவு தரும்.

2021ஆம் ஆண்டில் அசேதனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டிலே தடை நீக்கப்பட்டது. யூரியா கிடையாமல் கமக்காரர் பட்ட இன்னல் மறக்கத்தக்கதன்று. நெல்லுக்கு வேண்டிய பசளை ஒரு பிடியேனும், அதனாற் கேடே அடையும் பூச்செடிக்குச் செல்லலாகாது.

11. சுருக்கம்

(அ) இலை கரும்பச்சை, தண்டு மென்மை, அரும்பு இல்லை: நைதரசன் மிகை. நைதரசன் பசளைகளை நிறுத்துக. வைக்கோலை மண்ணிற் கலக்குக. கிணற்று நீரைப் பரிசோதிப்பிக்குக.

(ஆ) இலை வெளிறல், தண்டு நீளல், ஒரு பக்கம் சாய்தல்: நிழல். மரக்கிளைகளை வெட்டி வெயில் படச் செய்க.

(இ) விளக்கண்டை நிற்கும் செவ்வந்தி மட்டும் பூவாமை: இரவு வெளிச்சம். விளக்கை அணைக்குக அல்லது மறைக்குக.

(ஈ) மல்லிகை, கடதாசிப்பூ ஆகியன ஓயாது துளிர்த்தல்: நீர் மிகை. மழை ஓய்ந்தபின் சில நாட்கள் நீரை நிறுத்துக.

(உ) வெட்டிய வேலி பூவாமை: நுனிகள் இழப்பு. வெட்டும் தடவைகளைக் குறைக்குக.

(ஊ) ரோசாவின் அடியிலிருந்து எழும் பூவாக் கிளை: வேர்ச்செடிக் கிளை. புறப்படும் இடத்திலே பிய்த்தெடுக்குக.

(எ) அரும்பு உதிர்தல்: புழு, பனிப்பூச்சி, அல்லது நீர் ஒழுங்கின்மை. அரும்பைப் பிளந்து பார்த்துக் காரணத்தை அறிக.

(ஏ) கீழிலை மஞ்சள், பூச் சிறுத்தல்: நைதரசன் குறைவு. கத்தரித்து எருவிடுக.

(ஐ) நுனியிலை மஞ்சள், நரம்பு பச்சை: இரும்புக் குறைவு. இரும்புச் சல்பேற்றுக் கரைசலைத் தெளிக்குக.

மண்ணையும் நீரையும் பரிசோதிப்பிக்க விரும்புவோரும், மேலும் விளக்கம் வேண்டுவோரும் தமது பகுதிக்குரிய விவசாயப் போதனாசிரியரை அணுகுதல் வேண்டும். செல்லும்போது, செடியின் ஒரு கிளையையும், கடந்த மூன்று மாதத்தில் இட்ட பசளைகளின் விவரத்தையும் உடன் கொண்டுசெல்லின் காரணத்தை அறிதல் எளிதாகும்.